எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று பேசிய சொற்கள்: ஒன்று. சனியன்.

எத்தனை தடவை என்று எண்ணவில்லை. எண்ணினால் எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு ஏறும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ஜெசிந்தா, தினமும் என் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார், எந்தச் சமயத்தில் சொல்கிறார் என்று தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எழுதுவது எனக்குப் பழக்கம்தான். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் நான். துணை மின்நிலையத்தில் இருந்த காலத்தில் மணிக்கொரு தரம் லாக் ஷீட் எழுதியவள். ஆனால் எந்த டிரான்ஸ்ஃபார்மரும் என் முகத்தைப் பார்த்துச் சனியன் என்று சொன்னதில்லை.

பொங்கல் கழிந்த வாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. பேச்சு வரவில்லை. பம்பு கம்பெனியில் விற்பனை மேலாளர். சிகாமணி சார் போன் என்றால் நாலு மாவட்டத்து டீலர்களும் எழுந்து நின்று பேசுவார்கள் என்று கம்பெனியில் சொல்வார்கள். அந்தத் தொண்டையிலிருந்து இப்போது வருவது இந்த ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான். தண்ணீர் கொடுத்த பிறகும் அதுதான்.

"அர்த்தம் வச்சுச் சொல்றதில்ல மேடம்," என்றார் ஜெசிந்தா. "மூளையில பேச்சுக்கான இடத்துல அடிபட்டிருக்கு. யோசிச்சுப் பேசற பேச்சு வராது. ரொம்ப நாளா வாயில பழகின சொல் எதாவது ஒண்ணு மட்டும் தானா வந்துட்டே இருக்கும். சிலருக்குச் சாமி பேரு வரும். சிலருக்குத் திட்டற வார்த்தை."

ரொம்ப நாளாக வாயில் பழகின சொல். யாரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகியது என்று அந்தப் பெண் கேட்கவில்லை. நல்லவேளை.

ஜெசிந்தாவிடம் காட்ட வேண்டியது முதல் வரி மட்டும். மற்றதெல்லாம் எனக்கு.

பிப்ரவரி 5, வியாழன்

சொல்: சனியன். சட்டை மாட்டும்போது. இட்லி சூடாக இருந்தபோது. அதே இட்லி ஆறிப்போனபோது.

ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கூடத்தில் போட்டிருக்கிறோம். படுக்கையறைக் கதவில் அது நுழையவில்லை. கட்டிலுக்கு இடம் பண்ணுவதற்காக, நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவருடைய அக்கா ருக்குமணி நங்கை தன் மகன் கௌதமைக் கூட்டி வந்து ஹோம் தியேட்டரைக் கழற்றி மூலையில் குவித்துவிட்டார். அப்புறம் அவருக்கே மனசு மாறி, "தம்பிக்குப் பொழுது போகோணுமல்ல" என்று அதே கௌதமை விட்டு மாட்டவும் சொல்லிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. வீடு என் பேரில் இருக்கிறது என்பது ஒரு தகவல், அவ்வளவுதான்.

அந்த ஹோம் தியேட்டரைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. டிவிக்கு அடியில் நடு ஸ்பீக்கர். இரண்டு பக்கமும் இடுப்புயரத்துக்கு ஒவ்வொன்று. பின்சுவரில் சின்னதாக இரண்டு. தரையில் ஊஃபர், அரிசி டின் அளவுக்குக் கறுப்புப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமையானால் அவர் ஒரு கையில் ரிமோட்டும் ஒரு கையில் அளவு டேப்புமாகத் திரிவார். சோஃபாவை ஒரு சாண் நகர்த்துவார். உட்கார்ந்து கண்ணை மூடுவார். எழுந்து மறுபடி நகர்த்துவார். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் உள்ளங்கையை என் பக்கம் திருப்பிக் காட்டுவார், டிராஃபிக் போலீஸ் மாதிரி. என் அப்பா தவறிவிட்டார் என்று போன் வந்து நான் கூடத்துக்கு ஓடியபோதும் முதலில் எழுந்தது அந்தக் கைதான். படத்தில் ஏதோ கப்பல் வெடித்துக்கொண்டிருந்தது. அது வெடித்து முடிந்த பிறகு கேட்டார், என்ன என்று.

"கிராஸ்ஓவர், கிராஸ்ஓவர்ங்கறீங்களே, அதென்னங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். சும்மா, பேச்சுக்கு.

"உனக்கு அதெல்லாம் புரியாது கலா, விடு."

நான் மின்பொறியியல் படித்தவள். ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரத்தை வைத்துத்தான் மாதச் சம்பளம் வாங்குகிறேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

அதே சொல். எழுத ஆத்திரமாக வருகிறது. மூடி வைக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சொல்: சனியன். இன்று கத்தல்.

நங்கையும் கௌதமும் வந்திருந்தார்கள். கௌதம் டிவியைப் போட்டான். செய்தி. வாசித்தவர் ஆண். அவருடைய உதடு டிவியில் அசைகிறது, குரலில் பாதி கட்டிலுக்கடியிலிருந்து வருகிறது. அண்டாவுக்குள் உட்கார்ந்துகொண்டு யாரோ பேசுவது போல. நெஞ்சுக்கூட்டில் இடிக்கிற குரல், ஆனால் ஒரு வார்த்தை விளங்கவில்லை.

இவர் முகம் சிவந்தது. இடது கையால் கட்டில் கம்பியைப் படபடவென்று அடித்தார். சனியன், சனியன், சனியன். பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து வீசினார். அது டிவி ஸ்டாண்டில் பட்டு உருண்டது.

"பாவம், கை வலிக்குதாட்ட இருக்குது," என்றார் நங்கை. "மாத்திரை குடு அம்மிணி."

வலி இல்லை. வலிக்கு வேறு சனியன். அது கீழே இறங்கி முடியும். இது மேலே ஏறி அங்கேயே நின்றது. ஆனால் இதை நங்கையிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. மாத்திரையைக் கொடுத்தேன். துப்பிவிட்டார்.

"மாட்டினப்ப ஸ்கிரீன்ல என்னமோ தப்பு காட்டுச்சுங்க அத்தை," என்றான் கௌதம். "அதனால மாமா வச்சிருந்த செட்டிங்கையெல்லாம் அழிச்சுட்டு முதல்ல இருந்து வச்சுட்டேன். சத்தத்தை அளக்கற மைக்கைக் கட்டில் மேல வச்சு ஆட்டோவுல ஓட விட்டேன். அதுவே எல்லாம் பாத்துக்கும்."

மைக் அளந்துகொண்டிருந்தபோது மின்விசிறி ஓடியிருக்கிறது. நங்கை போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அதை அவனே சொன்னான், சிரித்துக்கொண்டு. இவர் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை என்னிடமிருந்து பிடுங்கி அந்த மெஷினுக்குள் போட்டிருப்பார். ஒரு பொத்தானில் அழித்தாயிற்று. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்தப் பயலை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

பிப்ரவரி 11, புதன்

சொல்: சனியன்.

ஆர்டர் வந்துவிட்டது. உதவி செயற்பொறியாளர். உடுமலை. மார்ச் இரண்டாம் தேதிக்குள் சேர வேண்டும். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் ஏறிப்போன படி இது. மகள் சின்னவள் என்று ஒரு தரம் விட்டேன். மாமியாருக்கு முடியவில்லை என்று ஒரு தரம் விட்டேன். இன்னொரு தரம் விட்டால் ஓய்வு பெறுகிற நாளில்தான் மாலையோடு சேர்த்து ஏதாவது கொடுப்பார்கள்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சொன்னேன். "உடுமலைக்குப் போட்டிருக்காங்க. பிரமோஷன்."

என்னைப் பார்த்தார். சனியன் என்றார். மெதுவாக. இது எந்த ரகம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலம் நங்கை வந்ததும் அவரிடமும் சொன்னேன்.

"உடுமலையா? எழுவது கிலோமீட்டராச்சே. இவனை ஆரு பாத்துக்குவா? வேண்டாம்னு சொல்லிப்போடு."

"பகலுக்கு ஒரு ஆம்பளை நர்ஸ் போட்டுக்கலாமுங்க நங்கை. பொழுதோட நான் வந்துருவனுங்க."

"கூலிக்கு வந்தவன் பாத்துக்குவானா, பொண்டாட்டியாட்டம்? ஊரு என்ன பேசும்? புருசன் வாய் பேச முடியாமக் கெடக்கறான், இவ பதவி கேட்டுட்டு பஸ் ஏறிட்டான்னு பேசாதா?"

ஹைதராபாத்திலிருந்து மகள் நித்திலா போனில் "போங்கம்மா, கண்டிப்பா போங்க" என்றாள். அவள் சொல்லுவாள். போனை வைத்தால் அவள் வேலை முடிந்தது.

ஒரு ஊருக்கே சுமை பிரித்துக் கொடுக்கிறேன். இந்த டிரான்ஸ்ஃபார்மர் சூடாகிறது, பாதி லோடை அங்கே மாற்று என்று போனில் சொன்னால் நடக்கிறது. இந்த வீட்டில் மட்டும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான். புகை வந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 14, சனி

சொல்: சனியன். ஆனால் இன்று எழுத வேறு விஷயம் இருக்கிறது.

இரக்கப்பட்டு உட்காரவில்லை. அதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். அந்தக் குரல் கட்டிலுக்கடியில் உறுமுவதும், இவர் கம்பியை அடிப்பதும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்ப்பதும் இனித் தாங்காது என்றுதான் ரிமோட்டை எடுத்தேன்.

மெனுவைத் திறந்தேன். கௌதமும் அவனுடைய ஆட்டோவும் சேர்ந்து பண்ணி வைத்திருந்த லட்சணம்: நடு ஸ்பீக்கருக்கு இருநூறு ஹெர்ட்ஸ். பின்சுவரில் இருக்கிற சின்னஞ்சிறிசுகளுக்கு நாற்பது.

கிராஸ்ஓவர் என்றால் என்ன என்று இன்று புரிந்தது. வேறொன்றுமில்லை. இந்த எண்ணுக்குக் கீழே இருக்கிற தடித்த ஒலியை ஸ்பீக்கர் தொடாது, ஊஃபருக்குத் தள்ளிவிடும். சிறியது தாங்காத பாரத்தைப் பெரியதற்கு மாற்றுவது. நான் தினமும் செய்கிற வேலை. ஆண் குரலின் அடிப்பாகம் நூறு, நூற்றிருபதில் இருக்கும். இருநூறில் வெட்டினால் குரலின் நெஞ்சே ஊஃபருக்குப் போய்விடும். ஊஃபரைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருக்கிறார்கள். அப்புறம் குரல் வேறெங்கிருந்து வரும்? காப்பி ஆறுவதற்குள் புரிந்துவிட்டது. இதைத்தான் உனக்குப் புரியாது, விடு என்றார். இத்தனை வருஷம்.

செய்தியைப் போட்டேன். நடு ஸ்பீக்கரை நூற்றைம்பதுக்கு இறக்கினேன்.

சனியன்.

"செத்த பொறுங்க." நூற்றிருபது.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நூறு. தலை திரும்பியது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

எண்பது.

குரல் டிவிக்குப் போய்விட்டது. கண்ணெதிரே. வாசிக்கிறவர் வாயிலிருந்தே வார்த்தை வந்தது. இவர் கண்ணை மூடினார். இடது கை ஆள்காட்டி விரல் போர்வையிலிருந்து எழுந்தது. அப்படியே நின்றது.

வேண்டுமென்றே அறுபதுக்கு இறக்கினேன். பார்க்கலாம் என்று. அந்தச் சமயம் பார்த்து விளம்பரத்தில் ஒரு மேளம் வந்தது. நடு ஸ்பீக்கர் அந்த அடியைத் தாங்க மாட்டாமல் கரகரத்தது. கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தார். சனியன். சந்தேகமே இல்லை, இது எனக்குத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே கோபமும் வந்தது, எதற்குச் சிரித்தேன் என்று. எண்பதுக்கே திருப்பி வைத்தேன்.

அவருக்கு எவ்வளவு புரிகிறது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருபது ஹெர்ட்ஸ் வித்தியாசம் புரிகிறது. அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சொல்: சனியன், குறைவாக.

ஊஃபரைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தேன். இழுக்க இழுக்க அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். என் முதுகு பிடித்துக்கொண்டது. டிவிக்கு இடது பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பின் ஸ்பீக்கர்களுக்கு வந்தேன். படம் ஒன்று ஓடியது, ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வருகிற காட்சி. நாற்பதில் அந்தச் சின்ன ஸ்பீக்கர்கள் கிழிந்துபோகிற மாதிரி இரைந்தன. எண்பதுக்கு ஏற்றினேன். அப்போதும் இரைச்சல்.

ரிமோட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சுவரில் வயரைப் பார்த்தேன். திடீரென்று சத்தம் ஒரு புள்ளி குறைந்தது. திரும்பினால் ரிமோட் அவர் இடது கையில்.

"என்னங்க, இன்னும் சரியில்லீங்களா?"

இன்னொரு புள்ளி குறைத்தார்.

ரிமோட்டை வாங்கி நூற்றிருபதுக்கு ஏற்றிவிட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். ஹெலிகாப்டர் பின்னாலிருந்து வந்து, தலையைத் தாண்டி, டிவிக்குள் போனது. இரைச்சல் இல்லை. சத்தம் ஒரு புள்ளி ஏறியது.

நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"காப்பி வேணுங்களா?" என்று கேட்டேன். ஏறியது.

"இன்னிக்கு வெள்ளிக்கெழமையா?" இறங்கியது.

"ருக்குமணி நங்கை உங்களுக்குத் தங்கச்சியா?" இறங்கியது. "அக்காவா?" ஏறியது.

ஜெசிந்தா கொண்டுவந்த ஆம், இல்லை அட்டைகளை இவர் விசிறியடித்திருக்கிறார். தலையை ஆட்டச் சொன்னால் ஆமென்பதற்கும் இல்லையென்பதற்கும் ஒரே மாதிரி ஆட்டுகிறார். ரிமோட் மட்டும் சரியாக வருகிறது. எதில் பழகினாரோ அதில் வருகிறது.

கடைசியாக ஒன்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "கிராஸ்ஓவர் எனக்குப் புரியுமா?"

ரொம்ப நேரம் ரிமோட்டையே பார்த்தார். ஏறியது. இரண்டு புள்ளி.

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்துக்கு இரண்டு புள்ளி. வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஜெசிந்தா சோதித்துப் பார்த்தார். கேட்டதற்கெல்லாம் சரியான பதில். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆனா ஒண்ணு மேடம். களைப்பா இருந்தா மாத்தி அமுக்கிடலாம். முக்கியமான விஷயம்னா ஒரே கேள்விய ரெண்டு விதமா கேளுங்க. நேரா ஒரு தடவை, திருப்பி ஒரு தடவை. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் நம்பணும்."

நங்கையிடம் போனில் சொன்னேன். "ரிமோட்டை வச்சா? அவன் வெளையாடறான் அம்மிணி," என்றார்.

பிப்ரவரி 20, வெள்ளி

சொல் பற்றி இன்று எழுத மாட்டேன்.

ஆபீசில் செயற்பொறியாளர் கூப்பிட்டார். நல்ல மனுஷர். நாற்காலியைக் காட்டினார். "ஏம்மா, நீங்களே வந்து சொல்லியிருக்கலாமே. உடுமலை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களாமா? உங்க வீட்டுக்காரரே வேண்டாம்னுட்டாராம். எங்க ஊர்க்காரங்க மூலமா உங்க நாத்தனார் சொல்லிவிட்டாங்க. மேல சொல்லி வேற ஆளைப் போடச் சொல்லட்டுமா?"

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "நான் அப்படிச் சொல்லலைங்க சார். திங்கட்கிழமை வரைக்கும் யாருகிட்டயும் எதுவும் பேசாதீங்க," என்றேன்.

வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. என் பெயரில், என் வேலையை, என்னிடம் கேட்காமல். நாளைக்கு நங்கை வருவார். வரட்டும்.

பிப்ரவரி 21, சனி

நங்கை பலாப்பழம் கொண்டுவந்தார். அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"எங்க ஆபீசுக்கு ஆருங்க சொல்லிவிட்டது?"

"நாந்தான். உனக்குச் சொல்றதுக்குச் சங்கடமா இருக்கும்னு நாஞ் சொன்னேன்."

"ஆரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"தம்பியக் கேட்டேன். நீ ஆபீசு போயிருந்தப்ப. கலா உடுமலை போறது உனக்குப் புடிக்கலைதானடான்னு கேட்டேன். சனியன்னான். அதுக்கு மேல என்னத்தச் சொல்லோணும்?"

"கொழம்புல உப்புப் பத்தலைன்னாலும் அதையேதானுங்க சொல்றாரு! அதே கேள்விய மாத்திக் கேட்டிருந்தீங்கன்னாலும் அதையேதான் சொல்லியிருப்பாரு!"

"அவன் மனசு எனக்குத் தெரியும். இடுப்புல தூக்கி வளத்தவ நான்."

"அப்ப அவரையே கேட்டுரலாமுங்க. இப்பவே. உங்க முன்னாலயே."

செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட்டை அவர் இடது கையில் வைத்து விரல்களை மூடினேன். முகத்துக்கு நேரே குனிந்தேன். அவர் களைத்திருக்கவில்லை. கண் தெளிவாக இருந்தது. அதையும் பார்த்துக்கொண்டேன்.

"உடுமலையில எனக்குப் பிரமோஷன். நான் போகட்டுங்களா?"

சத்தம் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. வாசிக்கிறவள் உதடு மட்டும் அசைந்தது.

நங்கை மூச்சு விட்டார்.

"திருப்பிக் கேக்கறேன். நான் போகாம, வீட்டோட இருக்கோணுமா?"

ஏறியது. ஏறி, ஏறி, ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. ஊஃபர் காலடியில் உதைத்தது. தெருவில் ஒரு நாய் குரைத்தது. விரலை எடுக்கவே இல்லை.

"பாத்தியா?" நங்கை அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினார். "பாத்துக்கிட்டியா? நான் சொன்னனல்ல!"

ஹோம் தியேட்டரின் சுவிட்சை நேராகப் போய் அணைத்தேன். கூடம் ஒரேயடியாக அமைதியானது. கோபம் தீரவில்லை. ஆனால் தலைக்குள் இத்தனை நாளாக இருந்த புகைமூட்டம் போய்விட்டது. அவருக்குப் புரிந்திருக்கிறது. யோசித்திருக்கிறார். இரண்டு விதமாகக் கேட்டும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல ஆள் இருக்கிறது. ஆள் இருந்தால் சண்டை போடலாம்.

"சரிங்க. நீங்க சொன்னது கேட்டுது," என்றேன். "இப்ப நான் சொல்றது கேக்குதுங்களா? நான் போறேன். உங்க அம்மாவுக்காக ஒருக்கா நின்னேன். புள்ளைக்காக ஒருக்கா நின்னேன். இந்தத் தடவை நிக்க மாட்டேன். பகலுக்கு ஆள் போடறேன், நல்ல ஆளா, நானே பாத்துப் பேசி. பொழுதோட வந்துருவேன். உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு இத்தனை வருசமா வந்துட்டுத்தான் இருக்குது, நான் சமைச்சுப் போடாமயா இருந்தேன்? நீங்களும் கோவத்தோடவே சாப்புடுங்க, கோவத்தோடவே நடந்து பழகுங்க. கோவத்துல கால் சீக்கிரம் வரும்."

"சனியன்!"

"ஆமாங்க, சனியன்தான். ரெண்டாந் தேதியிலிருந்து உதவி செயற்பொறியாளர் சனியன்."

நங்கை சேலை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். "வாயில்லாத மனுசன்கிட்டப் பேசற பேச்சா இது? இனி இந்த வாசப்படி மிதிச்சா என்னன்னு கேளு."

"வாயில்லாதவர்னு நீங்க சொல்லாதீங்க நங்கை. அவரு பேசினாரு. நீங்க சொன்னதேதான் சொன்னாரு. நானே ஒத்துக்கறேன். ஆனா அதை என் ஆபீசுல சொல்றதுக்கு நீங்க ஆருங்க?"

போய்விட்டார். பலாப்பழத்தை எடுத்துப் போகவில்லை. வீடெல்லாம் அந்த வாசனைதான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

சொல்: இல்லை.

காலையிலிருந்து ஒன்றுமே சொல்லவில்லை. அந்தச் சொல்லைக்கூட. ரிமோட்டைக் கையில் வைத்தால் விட்டுவிடுகிறார். சாப்பாட்டை வாங்கிக்கொள்கிறார், என்னைப் பார்ப்பதில்லை. இப்படியெல்லாம் நடித்தால் நான் இறங்கி வருவேன் என்று நினைப்பு. நடிப்புதான். கால் கை அசைவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு தடவை டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தேன். நாடி பார்த்தேன். ஜெசிந்தாவுக்கு மூன்று தடவை போன் செய்தேன். சும்மாதான்.

பிப்ரவரி 23, திங்கள்

செயற்பொறியாளரிடம் நேரில் சொல்லிவிட்டேன். சேருகிறேன் என்று. "வீட்டுல ஒத்துக்கிட்டாரா?" என்றார். "இல்லைங்க சார்," என்றேன். சேரும் தேதியைக் குறித்துக்கொண்டார்.

வீட்டில் சொல்: இல்லை.

பிப்ரவரி 25, புதன்

பகலில் பார்த்துக்கொள்ள சேவியர் என்று ஒருவரை அமர்த்தியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், ஐம்பது வயது இருக்கும். வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, "ஐயா, ஷேவ் பண்ணி விடட்டுங்களா?" என்று இவரைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. நோயாளியைக் கேட்டார். ஆளை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

பாதித் தாடி எடுத்தபோது பிளேடு தாடையில் லேசாகக் கீறியது.

"சனியன்!"

நான் சமையலறையில் இருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அதனால்தான்.

சொல்: சனியன். சேவியரிடம்.

மார்ச் 1, ஞாயிறு

சொற்கள்: இரண்டு.

மத்தியானம் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் கட்டில் கம்பி தட்டுகிற சத்தம். தண்ணீருக்குத் தட்டுகிற தட்டு இல்லை. போனேன்.

கட்டில் விளிம்பில் தானாக எழுந்து உட்கார்ந்திருந்தார். காலிரண்டும் தரையில். முகம் வேர்த்திருந்தது. என் கையில் இருந்த புடவையைப் பார்த்தார். வாயைக் கோணி, உதட்டைக் குவித்து, திரும்பக் குவித்து, எதையோ உள்ளிருந்து நெம்பி எடுக்கிற மாதிரி பண்ணினார். நான் உதவி செய்யவில்லை. உதவி செய்யக்கூடாது என்று ஜெசிந்தா சொல்லியிருக்கிறார். நின்று பார்ப்பது போல் கொடுமை வேறில்லை.

"ப," என்றார். "ப். போ."

நான் அசையவில்லை.

"போ." இந்தத் தடவை பலமாக. அந்தப் பழைய தொண்டையில் பாதி.

சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பி.

போனில் ஜெசிந்தா துள்ளினார். "ரெண்டாவது சொல் மேடம்! தானா வந்த சொல் இல்ல இது, யோசிச்சுச் சொல்லியிருக்காரு! எந்த அர்த்தத்துல சொன்னாரு? போயிட்டு வான்னா, இல்ல, போய்த் தொலைன்னா? முகம் எப்படி இருந்தது?"

"கோவமாத்தான் இருந்தது."

"அப்ப திட்டுதானா?"

"போறவளுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா," என்றேன்.

மார்ச் 2, திங்கள்

உக்கடத்திலிருந்து பஸ். பொள்ளாச்சி வரை நின்றுகொண்டே போனேன். ஒரு ஆண்பிள்ளை இரண்டு ஆள் இடத்தைப் பரப்பிக்கொண்டு தூங்கினான். எழுப்பி நகரச் சொன்னேன்.

முற்பகலில் பொறுப்பேற்றேன்.